பத்து சதவீதத்துக்குள் வந்துவிட்டால் போதுமா?

ஆய்வேட்டையோ கட்டுரையையோ, பிற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளில் ஏற்றுகிறோம். ஒத்திருப்பு பத்து சதவீதத்துக்குக் கீழே வந்தால் அது நேர்மையான எழுத்து, மேலே போனால் திருட்டு. நம் பொறியியல் கல்லூரிகளில் ஆசிரியர் அறை முதல் நூலகம் வரை இன்று நிலவும் நம்பிக்கை இதுதான். “பிளேஜியரிசம் எவ்வளவு வந்திருக்கு?” “ஏழு, சார்.” “அப்ப சப்மிட் பண்ணிடு.” பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. இந்த நம்பிக்கை தவறு. தவறு என்பதோடு நிற்கவில்லை, திருடுபவருக்கு அது காவலாகவும் நிற்கிறது.

ஒரகடம் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெங்களூரு நெடுஞ்சாலையிலும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் உள்ள கல்லூரிகளிலிருந்து, பொங்கல் முடிந்ததும் மாணவர்கள் புராஜெக்ட் கேட்டு வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் எம்.இ. படிப்பவர்கள், பிஎச்.டி.க்குப் பதிந்துவிட்டுத் தரவு தேடும் உதவிப் பேராசிரியர்கள். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். பிறகு 2006இல் நோக்கியா, 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர் என்று இந்தப் பகுதி வளர்ந்தது. கூடவே ‘ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் உற்பத்தித் திறன் மேம்பாடு’ என்ற தலைப்பும் வளர்ந்தது. 5எஸ், கைசன், டை மாற்றும் நேரத்தைக் குறைத்தல், லைன் பேலன்சிங் என்று அதற்குள் சில உட்பிரிவுகள். எம்பிஏ என்றால் ‘ஸ்ரீபெரும்புதூர் பகுதித் தொழிலாளர்களின் பணித் திருப்தி’, நூறு பேரிடம் கேள்வித்தாள், கை-ஸ்கொயர் சோதனை. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல முடியாது என்பதால் ‘எக்ஸ்ஒய்இசட் நிறுவனம்’ என்று போட்டுவிடுகிறார்கள். அதன்பிறகு அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று யாராலும் சரிபார்க்க முடியாது. இவற்றில் ஒரு பகுதி கட்டுரையாகி இதழ்களில் அச்சேறுகிறது. அடுத்து வருபவர் அதையே ஆதாரம் காட்டுகிறார்.

அப்படி ஓர் அறிக்கை ஒருமுறை என் கையெழுத்துக்காக வந்தது. ஒத்திருப்பு ஏழு சதவீதம் என்ற சான்று, முத்திரையோடு முன்பக்கத்திலேயே இருந்தது. நான்காம் அத்தியாயத்தில் ஓர் அட்டவணை. ஒரு ஷிஃப்டில் கிடைக்கும் நேரம் 460 நிமிடம், தேவை 600 உருப்படி, ஆகவே ஓர் உருப்படிக்கு 46 விநாடி. கணக்கில் பிழை இல்லை. ஆனால் எங்கள் ஷிஃப்டில் 460 நிமிடம் கிடையாது. 480 நிமிடத்தில் சாப்பாட்டுக்கு 30 போகும், இரண்டு டீக்குப் பத்துப் பத்து போகும், மிச்சம் 430. ஓர் உருப்படிக்கு 43 விநாடிதான். சாப்பாட்டு நேரத்தைக் கழிக்காத வேறு ஏதோ ஒரு தொழிற்சாலையின் அட்டவணை அது. எங்கோ யாரோ ஸ்டாப்வாட்சோடு நின்று அளந்த எண்களை இவர்கள் எடுத்திருக்கிறார்கள். வாக்கியங்களைப் புரட்டிப் போட்டவர்கள் எண்களைத் தொடவில்லை. எண்ணைப் பற்றி மென்பொருள் கேள்வி கேட்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

அறிக்கையைக் கொண்டுவந்த மாணவனை உட்கார வைத்து, “தம்பி, இங்க டீ எத்தனை மணிக்குக் குடுப்பாங்க?” என்று கேட்டேன். பதில் வரவில்லை. தொழிற்சாலைக்குள் வந்து போனதோடு சரி, மீதியைச் சென்னையில் ஒரு புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதாக மெல்லச் சொன்னான். கையெழுத்துப் போட முடியாது, மறுபடி வந்து லைனில் நின்று அளந்துவிட்டு எழுது என்றேன். “பர்சன்டேஜ் கம்மியாத்தானே சார் இருக்கு?” என்று கேட்டான். அதில் திமிர் எதுவும் இல்லை. உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை. நான்கு வருடமாகக் கல்லூரி அவனுக்குச் சொல்லிக்கொடுத்த நேர்மை அந்த எண் ஒன்றுதான்.

இந்தப் பத்து சதவீதம் எங்கிருந்து வந்தது? 2018 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கென விதிகளை அறிவித்தது. பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைத் தர முடியாது. 60க்கு மேல் போனால் மாணவரின் பதிவே ரத்து. நம் கல்லூரிகள் அந்த அரசிதழிலிருந்து எடுத்துக்கொண்டது இந்த எண்களை மட்டுமே. அடுத்தவரின் படைப்பையோ கருத்தையோ எடுத்துத் தன்னுடையதாகக் காட்டுவதுதான் திருட்டு என்று அதே விதிகள் வரையறுக்கின்றன. கருத்து என்ற சொல் அங்கே தெளிவாக இருக்கிறது. சுருக்கம், கருதுகோள், கண்டறிந்தவை, முடிவுகள் ஆகிய பகுதிகளில் ஒத்திருப்பே இருக்கக் கூடாது, பொதுவான சொற்கள் தொடர்ந்து 14 வரை வந்தால் மட்டும் விட்டுவிடலாம் என்றும் அவை சொல்கின்றன. அப்படியானால் முடிவுரையில் வேறொருவரின் கண்டுபிடிப்பு நான்கு வரி இருந்தாலும் அது குற்றம்தான், மொத்த எண் மூன்று சதவீதமாக இருந்தாலும். துறைதோறும் ஒரு நேர்மைக் குழு, நிறுவனத்துக்கு ஒரு குழு, ஒவ்வொரு பருவத்திலும் விழிப்புணர்வு வகுப்பு என்று விதிகள் கேட்டவற்றைப் பெயருக்கு நடத்துகிறோம். எண்ணை மட்டும் வேதமாக வைத்துக்கொண்டோம்.

மென்பொருள் செய்தவர்களே இவ்வளவு நம்பிக்கை வைக்கச் சொல்லவில்லை. தாங்கள் காட்டுவது ஒத்த வரிகளை மட்டுமே, திருட்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியது படிக்கும் ஆசிரியர் என்று டர்னிட்டின் நிறுவனமே தன் வழிகாட்டிகளில் எழுதி வைத்திருக்கிறது. 2004இலிருந்து இத்தகைய மென்பொருள்களைச் சோதித்துவரும் பெர்லின் பேராசிரியர் டெபோரா வெபர்-வுல்ஃப், 2019இல் ‘நேச்சர்’ இதழில் இதையே அழுத்திச் சொன்னார். இந்தக் கருவிகளின் எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கமே ஒரு பிரச்சினையாகிவிட்டது என்பது அவர் வாதம்.

எதிர்த் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயிரக்கணக்கான அறிக்கைகள் வருகின்றன, எல்லாவற்றையும் யார் படிப்பது? ஆளுக்கு ஆள் தீர்ப்பு மாறினால் வேண்டியவருக்கு ஒரு நீதி, வேண்டாதவருக்கு ஒரு நீதி என்று ஆகாதா? எண் என்றால் பாரபட்சம் இருக்காதே? இப்படிக் கேட்பவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் கேட்கிறார்கள். முழுப் பக்கங்களை அப்படியே தூக்கிப்போட்ட ஆய்வேடுகளை மென்பொருள் பிடித்திருக்கிறது என்பதும் உண்மை. 2019இல் ஷோத்சுத்தி திட்டத்தின் வழியாக இந்த வசதியைப் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய அரசே கொடுத்தது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணில் பாரபட்சமே இல்லை என்பதை ஏற்க முடியாது. நூற்பட்டியலை விலக்கினால் ஓர் எண், சேர்த்தால் வேறோர் எண். சிறு ஒற்றுமைகளைக் கழிக்கும் அளவை மாற்றினால் இன்னோர் எண். ஒரே கோப்பை இரண்டு மென்பொருள்களில் போட்டால் இரண்டு விடை. மென்பொருளின் இந்த அமைப்புகளை மாற்றத் தெரிந்தவருக்கு ஒரு நீதியும் தெரியாத முதல் தலைமுறை மாணவருக்கு வேறொரு நீதியும் ஏற்கெனவே வந்துவிட்டன.

இதைவிடப் பெரிய கேடு, எண்ணைக் குறைப்பதே ஒரு தொழிலாகிவிட்டது. ‘சதவீதம் குறைத்துத் தரப்படும்’ என்று வெளிப்படையாகவே விளம்பரம் வருகிறது. ஒவ்வொரு சொல்லையும் அதன் இணைச்சொல்லால் மாற்றும் கருவிகளில் கட்டுரையை ஏற்றி இறக்குகிறார்கள். அதன் விளைவை 2021இல் கியோம் கபனாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகசினோவ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். சர்வதேசப் பதிப்பகங்களின் இதழ்களில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்று வர வேண்டிய இடத்தில் ‘போலி உணர்வு’ என்ற பொருளில் ஒரு தொடர் அச்சாகியிருந்தது. சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம், கொடிக்கும் கூச்சலுக்குமான விகிதமாகியிருந்தது. மார்பகப் புற்றுநோய் ‘மார்பு அபாயம்’ ஆகியிருந்தது. ஒத்திருப்பு எண்ணுக்குப் பயந்து செய்த வேலை இது. ஆசிரியர் படிக்கவில்லை, மதிப்பீட்டாளர் படிக்கவில்லை, பதிப்பாசிரியரும் படிக்கவில்லை. ஒருவர் படித்திருந்தாலும் அந்தக் கொடி அங்கே பறந்திருக்காது. 2023இல் மட்டும் வைலி பதிப்பகம் தன் ஹிண்டாவி இதழ்களிலிருந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அத்தனையும் இதழ்களின் வாசலைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தவை.

பெரிய திருட்டுகள் எப்படிப் பிடிபட்டன என்று பாருங்கள். 2002இல் குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பி.எஸ். ராஜ்புத்தின் இயற்பியல் கட்டுரை, ஸ்டான்ஃபோர்டின் ரெனாட்டா கல்லோஷ் எழுதியதிலிருந்து எடுக்கப்பட்டது என்று வெளிவந்தது. ஸ்டான்ஃபோர்டு இயற்பியலாளர்கள் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினார்கள். குமாவுனில் அதைப் பற்றிப் பேசிய இயற்பியல் துறைத் தலைவர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டார். விசாரணைக்குப் பிறகு 2003இல் துணைவேந்தர் பதவி விலகினார். ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க் 2011இல் பதவி இழந்த கதையும் அப்படித்தான். அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்த ஒரு சட்டப் பேராசிரியருக்குச் சில பத்திகளில் சந்தேகம் வந்தது, அங்கிருந்து தொடங்கியது. ஆய்வாளர் எலிசபெத் பிக் 20,621 உயிரியல் கட்டுரைகளின் படங்களைக் கண்ணால் பார்த்தே அவற்றில் 3.8 சதவீதத்தில் ஒரே படம் மறுபடி பயன்பட்டிருப்பதை 2016இல் காட்டினார். விஷயம் தெரிந்த ஒருவர் பொறுமையாகப் படித்தார் அல்லது பார்த்தார் என்பதுதான் இவை எல்லாவற்றிலும் நடந்தது. குமாவுன் கதையிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. சொல்பவருக்குப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் எத்தனை மென்பொருள் வாங்கிவைத்தும் பயனில்லை.

இனி எங்கள் பகுதிக்கே உரிய ஒரு திருட்டைச் சொல்ல வேண்டும். இதைப் பற்றி எந்தக் கருத்தரங்கிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இங்கே பல தொழிற்சாலைகளில் லைன் ஓரத்தில், கைசன் எனப்படும் சிறு மேம்பாடுகளுக்கான பலகை இருக்கும். மாற்றத்துக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம், யோசனை சொன்னவரின் பெயரும் டோக்கன் எண்ணும். வெல்டிங் ஃபிக்ஸ்சரில் பாகத்தைத் தலைகீழாக வைத்துவிடாமல் தடுக்க ஒரு சின்ன பின் வைத்தால் போதும் என்று சொல்பவர் பெரும்பாலும் ஐடிஐ படித்த ஆபரேட்டர், சில நேரம் கான்ட்ராக்ட் தொழிலாளி. வல்லத்திலோ படப்பையிலோ நாலு பேரோடு ஒரு அறையில் தங்கி ஷிஃப்டுக்கு வருபவர். மாதக்கணக்கில் அதே இடத்தில் நின்றதால் அவருக்கு அது தோன்றியது. அந்தப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆறு மாதம் கழித்து அது ஒரு கட்டுரையாகிறது. ‘ஆசிரியர்கள் ஒரு புதிய பிழைத்தடுப்பு முறையை முன்மொழிகிறார்கள்’ என்று அதில் இருக்கிறது. மூன்று பேராசிரியர்களின் பெயர் மேலே. ஆபரேட்டரின் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. ஒத்திருப்பு? இரண்டோ மூன்றோ சதவீதம் வரும். அவர் எங்கும் எழுதவில்லை, அதனால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இல்லை. விதிகள் கருத்து என்ற சொல்லைப் போட்டது இவருக்காகவும்தான். எழுத்தில்லாதவரின் கருத்தை எடுத்துக்கொள்ள நம் அமைப்பு முழு அனுமதி தந்திருக்கிறது. இதைவிடச் சுத்தமான திருட்டு வேறு எது?

‘நம்ம பசங்களுக்கு இங்கிலீஷ் வராது, அதனால காப்பி அடிக்கிறாங்க’ என்று இரக்கத்தோடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வேறு விஷயங்களை அவர்கள் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். தமிழ் வழியில் பன்னிரண்டு வகுப்பு படித்து வந்த பெண், செய்முறையை விவரிக்க வேறொரு கட்டுரையின் நான்கு வாக்கியங்களைச் சார்ந்து எழுதுகிறாள். அவள் அளந்த எண்கள் அவளுடையவை. பக்கத்தில் இருப்பவன் மொத்த அறிக்கையையும் விலைக்கு வாங்கியிருக்கிறான், சொற்கள் எல்லாம் புதியவை. எண் முறையில் அவளுக்கு 18, அவனுக்கு 4. தண்டனை அவளுக்குப் போகிறது. விஞ்ஞானி சி.என்.ஆர். ராவ் பெயரும் இருந்த ஒரு கட்டுரையில் சில வாக்கியங்கள் வேறிடத்திலிருந்து வந்திருந்தன என்று 2011இல் தெரியவந்தபோது, ‘அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்’ இதழில் ஆசிரியர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், கட்டுரை திரும்பப் பெறப்படவில்லை. வாக்கியத்தைக் கடன் வாங்குவது பிழைதான், திருத்த வேண்டியதுதான். ஆனால் அதையும் தரவைத் திருடுவதையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பதை மூத்த விஞ்ஞானிக்கு மட்டும் புரிந்துகொள்கிறோம், மாணவிக்குப் புரிந்துகொள்வதில்லை. சாட்ஜிபிடி வந்த பிறகு இது இன்னும் மோசமாகியிருக்கிறது. புதிய சொற்களில் எழுதித் தருவது இப்போது ஒரு நிமிட வேலை. செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளை 2023இல் ஸ்டான்ஃபோர்டில் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் தாங்களே எழுதிய டோஃபல் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. இந்தக் கருவிகளும் நம் கல்லூரி வாசலுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அடி படப்போவது யார் என்று சொல்லவே வேண்டாம்.

தமிழில் எழுதும் ஆய்வுகளின் நிலை தனிக் கதை. பழைய ஆய்வேடுகள் பல வெறும் ஸ்கேன் படங்கள். இன்னும் பல ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. மென்பொருளின் கண்ணுக்கு அவை பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியல். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து எடுத்தால் அதுவும் தப்பிவிடும். தமிழ்த் துறைகளில் கிடைக்கும் ‘பூஜ்ஜியம் சதவீதம்’ என்ற சான்று பெரும்பாலும் இதைத்தான் காட்டுகிறது. ஆனால் மூலத்தைச் சொல்லும் ஒழுக்கத்துக்காக நாம் தமிழுக்கு வெளியே போய்க் கற்க வேண்டியதில்லை. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூல் பிரித்துவைத்தது. உ.வே. சாமிநாதையர் தன் பதிப்புகளின் முகவுரையில், எந்த ஏட்டுச்சுவடி எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்தது என்று பெயர் பெயராக எழுதினார்.

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. லைன் முடிவில் நின்று நல்லதையும் கெட்டதையும் பிரிப்பதால் தரம் வராது. தரக் கட்டுப்பாட்டு அறிஞர் டெமிங் தன் 14 கோட்பாடுகளில் மூன்றாவதாக இதை வைத்தார், ஜப்பான் அதை நடத்திக் காட்டியது. இந்தப் பகுதியில் உள்ள உதிரிபாக நிறுவனங்கள் எல்லாம் அதை வாடிக்கையாளரிடம் அடிவாங்கியே கற்றன. பிழை பிறக்கும் இடத்தில் அதைத் தடுக்க வேண்டும். அந்தப் பாடத்தைப் பாடத்திட்டமாக வைத்து நடத்தும் கல்லூரிகள், தங்கள் சொந்த உற்பத்திக்கு மட்டும் கடைசி வாசலில் ஓர் எண்ணை நிறுத்தியிருக்கின்றன. ஆய்வில் பிழை பிறக்கும் இடம் எது? நெறியாளர் படிக்காத முதல் வரைவு. தரவுக்குக் குறிப்பேடு இல்லாத முதல் நாள். ‘இத்தனை கட்டுரை போட்டால்தான் பதவி உயர்வு, இத்தனை போட்டால்தான் தரவரிசை’ என்ற சுற்றறிக்கை. ஒரு பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு ஆய்வாளர்கள் என்று மானியக் குழு வரம்பு வைத்தது அவர்கள் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022இல் அதே குழு எடுத்தது நல்ல முடிவு. ஆனால் கல்லூரி நிர்வாகங்கள் கட்டுரை எண்ணிக்கையை வேறு வழியில் கேட்டுக்கொண்டேதான் இருக்கின்றன.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. தொழிற்சாலைக்கு வரும் மாணவர் தேதி போட்ட குறிப்பேடு வைக்கட்டும், அன்றன்று அளந்ததை எழுதட்டும், லைன் சூப்பர்வைசர் அதில் கையெழுத்துப் போடட்டும். நெறியாளர் ஒருமுறையாவது எங்கள் கேட்டுக்குள் வரட்டும். வைவாவில் தொழிற்சாலையிலிருந்து ஒருவரை உட்கார வையுங்கள், முடிந்தால் அந்த ஆபரேட்டரையே. மேம்பாடு ஐந்து சதவீதம்தான் கிடைத்தது, அல்லது ஒன்றுமே கிடைக்கவில்லை என்று எழுதுபவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். எல்லோரும் நாற்பது சதவீதம் முன்னேற்றம் காட்டியே ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் அடுத்தவர் அட்டவணையைத் தேடிப் போக வைக்கிறது. யோசனை ஒரு தொழிலாளியுடையது என்றால், அவர் சம்மதத்தோடு அவர் பெயரை ஆசிரியர் வரிசையிலோ நன்றியுரையிலோ போடுங்கள். மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள். அதன் எண்ணைச் சான்றிதழின் முன்பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அது காட்டும் வரிகளை நெறியாளர் படித்து, ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பொய் என்று தெரிந்தால் அவரும் பதில் சொல்லட்டும்.

நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்து அறிக்கைகள் உங்கள் மேசைக்கு வரும்போது, ஒத்திருப்புச் சான்றைப் பார்ப்பதற்கு முன்னால் நான்காம் அத்தியாயத்தைத் திறந்து, “இந்த எண்ணை நீ எங்கே நின்று அளந்தாய்?” என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரின் அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள், அவருடைய சதவீதம் பூஜ்ஜியமாகவே இருந்தாலும்.